உப்பு எங்கே போகும்?

தொழிற்சாலைக் கழிவுநீரில் கலந்திருக்கும் அழுக்கில் பெரும்பகுதி அழிக்கக்கூடியது. மீன் இரத்தத்தையும் மாச்சத்தையும் பற்றீரியாக்கள் தின்று தீர்க்கும். சாயத்தின் மூலக்கூற்றை ஓசோன் உடைக்கும். எண்ணெயை வழித்தெடுத்து எரிக்கலாம். குரோமியம் போன்ற உலோகத்தைச் சேறாகப் படியவைத்து அள்ளலாம். கறியுப்பு இவற்றுள் எதற்கும் கட்டுப்படுவதில்லை. எந்த உயிரும் அதைத் தின்று தீர்க்காது, எரித்தால் எரியாது, சுண்ணாம்பைப் போட்டாலும் படிகாரத்தைப் போட்டாலும் அடியில் படியாது. தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து கிணற்றுக்கு என்று இடம் மட்டுமே மாறும். உவர்க் கழிவுநீர் சுத்திகரிப்பின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு குணத்திலிருந்து கிளைக்கிறது. மற்ற அழுக்குகளை அழிக்க வரும் பற்றீரியாக்களை உப்பு கொல்கிறது; அளக்க வரும் சோதனைகளைப் பொய்யாக்குகிறது; எல்லா அழுக்கும் நீங்கிய பிறகும் தான் மட்டும் எஞ்சி நிற்கிறது.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் புங்குடுதீவு போன்ற தீவில் இது என்ன பொருள் தரும் என்பதை அங்குள்ள எந்தக் கிணறும் காட்டும். தீவு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. மாரி மழை மண்ணில் இறங்கி, கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது என்பதைத் தவிர இரண்டையும் பிரித்து வைக்கும் சுவர் எதுவும் அங்கே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியாளர் கைபனும், சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்க முடியும். அதே கணக்குத் திரும்பியும் ஓடும். மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவர இடமுண்டு. சிறிய தீவுகளில் வில்லை மெல்லியது. அலையேற்றமும் கிணற்று இறைப்பும் அதன் அடிவிளிம்பைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே வட்டாரத்தில் ஒரு வளவுக் கிணறு குடிக்கத்தக்கதாகவும் அடுத்த வளவுக் கிணறு சவராகவும் இருக்கின்றன. கோடையில் தீவகத்தின் பல குடும்பங்கள் குடிநீர்ப் பவுசர் வரும் நாளை எண்ணிக் காத்திருப்பதும் இதனால்தான்.

இத்தகைய நிலத்தில் உப்புக் கழிவுநீர் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதே செறிவுள்ள கழிவுநீர் ஒரு பவுசர் அளவு, அதாவது 10,000 லீற்றர் நிலத்தில் கொட்டப்பட்டால், 350 கிலோ உப்பு மண்ணுக்குள் இறங்குகிறது. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 கரைந்த திண்மங்களுக்கு இடும் மேலெல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். அந்த எல்லைக்குள் 350 கிலோ உப்பை நீர்க்கச் செய்ய 7 இலட்சம் லீற்றர் நீர் வேண்டும். புங்குடுதீவின் நிலத்தடியில் அவ்வளவு நீரை இதற்கென ஒதுக்க யாராலும் முடியாது.

தீவில் சாயப்பட்டறையோ தோல் பதனிடும் ஆலையோ இல்லை. ஆனால் உப்போடு அழுக்குக் கலக்கும் தொழில்கள் தீவகத்துக்கு அந்நியமானவை அல்ல. மீன், நண்டு, இறால் பதப்படுத்தல், கருவாடு போடுதல், கடலட்டையை அவித்து உலர்த்தல் ஆகிய எல்லாவற்றிலும் உப்பும் புரதமும் சேர்ந்த நீர் வெளியேறுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) ஆலைகளிலிருந்து செறிந்த உவர்நீர் வெளியேறுகிறது. வடக்கின் பழைய பெருந்தொழில் ஒன்றும் உப்பின் மேலேயே எழுந்தது: 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கரைத்து மின்பகுத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. போர் அதை அழித்தது. வடக்கில் தொழில் மீண்டும் வேர்விட வேண்டும் என்று விரும்புவோர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய துறை இந்த உவர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு.

பற்றீரியாவுக்கு வரும் தாகம்

சாதாரணக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் மலிவான வேலையாள் பற்றீரியா. பெரிய தொட்டியில் காற்றை ஊதி, அதில் வளரும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு அழுக்கை உணவாகக் கொடுத்து, பிறகு அந்தக் கூட்டத்தைச் சேறாகப் படியவைத்துத் தெளிந்த நீரை வடிப்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் நடக்கும் முறை. நீரில் உப்பு ஏறும்போது இந்தக் கூட்டம் தாகத்தால் சாகிறது. கலத்துக்கு வெளியே உப்பு கூடியிருந்தால் கலத்துக்குள் இருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியே இழுபடும். கலம் சுருங்கிப் போகும். ஊறுகாய் கெடாமல் இருப்பதும் கருவாடு புழுக்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். உணவைக் காக்கும் உப்பு, சுத்திகரிப்புத் தொட்டியில் வேலையைக் கெடுக்கிறது. லீற்றருக்குப் பத்துக் கிராமைத் தாண்டும்போது வழக்கமான தொட்டிகள் தடுமாறத் தொடங்கும்.

இன்னும் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. உப்புநீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். 25 பாகை செல்சியசில் நன்னீரில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாகக் கரையும் ஒட்சிசன், கடல்நீரில் 7 மில்லிகிராமைக்கூட எட்டாது. ஆகவே அதே அளவு அழுக்கைத் தின்ன அதிகக் காற்று ஊத வேண்டும், அதிக மின்சாரம் செலவாகும். அடுத்தது படிதல். உப்புநீர் பாரமானது, அதில் நுண்ணுயிர்ச் சேறு மெதுவாகவே கீழிறங்கும், சில வேளை மிதந்து வடிநீரோடு போய்விடும்.

ஆனாலும் உப்பில் உயிர் வாழவே முடியாது என்பதல்ல. கோடையில் உப்பளப் பாத்திகள் செந்நிறமாவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்த நிறம் உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களும் பாசிகளும் தருவது. அவை கலத்துக்குள் தமக்கென உப்பையோ வேறு கரைபொருள்களையோ சேர்த்துவைத்து, வெளியே இழுக்கும் விசையைச் சமன்செய்கின்றன. 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள், யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பேரியிலிருந்து எடுத்த இத்தகைய பற்றீரியாக்களைக் கொண்டு, 15 விழுக்காடு உப்புள்ள செயற்கைக் கழிவுநீரிலிருந்து பீனோலை நீக்கிக் காட்டினார்கள். அது கடல்நீரைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட உப்பு. சாதாரணப் பற்றீரியாக் கூட்டத்தையும் வாரக் கணக்கில் உப்பைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கலாம். கடல்நீர்ச் செறிவு வரை பழகிய தொட்டிகள் நடைமுறையில் ஓடுகின்றன. அவற்றைக் கெடுப்பது உப்பின் அளவைவிட அதன் ஏற்றத்தாழ்வு. திங்கட்கிழமை செறிந்த உப்புநீரும் செவ்வாய்க்கிழமை கழுவிய நன்னீரும் மாறிமாறி வந்தால் பழகிய கூட்டமும் இறந்துவிடும். அதனால் இந்த ஆலைகளின் மிகப் பயனுள்ள உறுப்பு, பார்வைக்கு ஒன்றுமே செய்யாததுபோலத் தோன்றும் முதல் தொட்டி: ஒன்றிரண்டு நாள் கழிவுநீரைத் தேக்கிக் கலந்து, சமனான உப்பில் அடுத்த தொட்டிக்கு அனுப்பும் சமப்படுத்தும் தொட்டி. செலவைச் சுருக்க வேண்டும் என்று முதலில் இதன் அளவில் கைவைப்பது, ஆலை முழுவதையும் கெடுக்கும் சிக்கனம்.

அளக்கும் இடத்திலும் உப்பு குறுக்கே நிற்கிறது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பாதுகாப்பு உரிமம் பெற்றே தொழிற்சாலை கழிவுநீரை வெளியேற்றலாம். 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய வர்த்தமானி, உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீருக்குப் பொதுவாக உயிரிரசாயன ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராம், இரசாயன ஒட்சிசன் தேவை 250 மில்லிகிராம் என எல்லை வகுத்தது. இரண்டாவதை அளக்கும் வழக்கமான முறை, மாதிரியை அமிலத்திலும் பொற்றாசியம் இருகுரோமேற்றிலும் கொதிக்கவைத்து எவ்வளவு இருகுரோமேற்றுச் செலவாயிற்று என்று பார்ப்பது. உப்பிலுள்ள குளோரைட்டும் அதே இருகுரோமேற்றை உண்டுவிடும். அழுக்கே இல்லாத கடல்நீரும் அழுக்கானதாகச் சோதனையில் தெரியும். இதைத் தடுக்கப் பாதரச சல்பேற்றுச் சேர்ப்பார்கள். லீற்றருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைட்டு இருந்தால் அதுவும் போதாமல் மாதிரியை நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கும். நீர்க்கும்போது அளவீட்டின் பிழையும் பெருகும். உவர்க் கழிவுநீர் பற்றிய அறிக்கை ஒன்றில் இரசாயன ஒட்சிசன் தேவையின் எண்ணைப் பார்ப்பவர் அதன் அருகே குளோரைட்டு எவ்வளவு என்பதையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

உப்பே உதவிக்கு வரும் இடம்

பற்றீரியாவால் முடியாததை வேதியியல் செய்கிறது. படிகாரம், பெரிக்குக் குளோரைட்டு ஆகியவற்றைக் கலந்தால் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். துகள்களின் மேலிருக்கும் மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளிவிடுவதாலேயே அவை பிரிந்து மிதக்கின்றன. உப்பு அந்தத் தள்ளுவிசையைத் தணித்துவிடுவதால் உவர்நீரில் இந்த வேலை பல வேளை எளிதாகவே நடக்கும். மீன் ஆலைக் கழிவுநீரில் அமிலத்தன்மையைப் பி.எச். 4.5 - 5 அளவுக்குக் கொண்டுவந்தால் புரதம் தானே திரளும். அடியிலிருந்து நுண்ணிய காற்றுக் குமிழிகளை விட்டால் கொழுப்பும் திரளும் மேலே நுரையாக எழும்; வழித்தெடுத்துக் கால்நடைத் தீவனத்துக்கோ உரத்துக்கோ அனுப்பலாம். பற்றீரியாத் தொட்டிக்குப் போகும் சுமை அங்கேயே பெருமளவு இறங்கிவிடும்.

கரைந்திருக்கும் சாயம், மருந்து, பீனோல் போன்றவற்றுக்கு இன்னும் வலுவான மருந்து வேண்டும். ஓசோனும், இரும்பு உப்போடு ஐதரசன் பரவொட்சைட்டுச் சேர்ந்த பென்றன் கரைசலும் மூலக்கூறுகளை உடைக்கும். உவர்நீரில் குளோரைட்டு இடையில் புகுந்து, உடைக்கும் மூலிகங்களை வீணாக்கும். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டிவரும். இதற்கு மாறாக, மின்முனைகளை இறக்கி மின்னோட்டம் செலுத்தும் முறைக்கு உப்பு நண்பன். நன்னீரில் மின் கடத்த அதிக மின்னழுத்தம் வேண்டும்; உப்புநீர் இலகுவாகக் கடத்தும். மேலும் நேர்மின்முனையில் குளோரைட்டு குளோரினாக மாறி, சாயத்தின் நிறத்தை நிமிடங்களில் வெளுக்கும். அமோனியாவை நைதரசன் வாயுவாக்கும். பரந்தனில் விற்பனைக்காகச் செய்த குளோரினை இங்கே கழிவுநீருக்குள்ளேயே செய்துகொள்வதாகச் சொல்லலாம். இதிலுள்ள ஆபத்தும் அதே குளோரின்தான். கரிமப் பொருளோடு சேர்ந்து குளோரின் ஏறிய சேர்மங்களை அது உண்டாக்கும். அவற்றுட் சில உடலுக்கு முதலிலிருந்த அழுக்கைவிடக் கேடானவை. நிறம் போய்விட்டது என்பதை மட்டும் பார்த்து நீர் சுத்தமாகிவிட்டது என்று முடிவுசெய்வது இந்தத் துறையில் மிகப் பழைய தவறு.

இத்தனைக்குப் பிறகும் உப்பு அப்படியே இருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ் நிலத்தில் மிகக் கடுமையாகப் பதில் தேட நேர்ந்த ஊர் திருப்பூர்.

நொய்யல் கற்றுக்கொடுத்தது

பருத்தித் துணியும் அதற்கேற்ற வினையுறு சாயமும் நீரில் இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். நடுவே உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலில் ஏறும். துணியின் நிறம் அழுத்தமாக வேண்டுமானால் லீற்றருக்கு 80 கிராம், அதற்கு மேலும் உப்புப் போடுவதுண்டு. கடல்நீரைவிட இருமடங்குக்கு மேல். துணி இந்த உப்பில் ஒரு துளியையும் எடுத்துக்கொள்வதில்லை. போட்டது முழுவதும், நூலில் ஏறாத சாயத்தோடு சேர்ந்து வெளியேறும். திருப்பூரின் பனியன் தொழில் 1980களிலும் 90களிலும் ஏற்றுமதியால் பெருகியபோது, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளின் இந்த நீர் நொய்யல் ஆற்றில் இறங்கியது.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு தேங்கும் ஏரியாக மாறியது. அணையிலிருந்து நீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய உழவர்கள், அந்த நீரைத் திறக்கவே வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. சுற்றியிருந்த கிணறுகள் உவர்த்தன. தென்னையும் மஞ்சளும் பட்டுப்போயின. நொய்யல் ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், பட்டறைகள் துளிக் கழிவுநீரையும் வெளியே விடாத நிலையை அடைய வேண்டும் என்று கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லீற்றருக்கும் தண்டம் விதித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2009 ஒக்ரோபரில் சாயப் பட்டறை உரிமையாளரின் மேன்முறையீட்டை ஏற்காது அந்தக் கடப்பாட்டை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. ஒரு நகரத்தின் சாயத் தொழில் முழுவதும் அன்று நின்றது. பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்தக் கழிவை வெளியே விடும் முடிவில் எந்தப் பங்கும் இல்லாத கூலிகள். தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக ஒதுக்கிய பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தி அமைக்கப்பட்டன.

திருத்தியமைத்த நிலையங்களில் நீர் போகும் வழி உவர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் முழுப் பாடம். முதலில் தேக்கிச் சமப்படுத்தல், பிறகு பற்றீரியாத் தொட்டி, நிறம் நீக்கல், மணல் வடிப்பும் நுண்வடிப்பும். இவை எல்லாம் அடுத்து வரும் சவ்வுகள் அடைபடாமல் காக்கும் ஆயத்தம். சவ்வு என்றால் ஆர்.ஓ. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1950களின் இறுதியில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும், மேலே மிக மெல்லிய அடர் தோலும் கீழே நுண்துளைகள் நிறைந்த தாங்கியும் கொண்ட செல்லுலோசு அசற்றேற்றுச் சவ்வைச் செய்தபோதே இந்த முறை ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்தது. உப்புநீரை அமுக்கத்தில் தள்ளினால் நீர் மட்டும் சவ்வைக் கடக்கும். உப்பு கூடக் கூட, தள்ள வேண்டிய அமுக்கமும் கூடும். கடல்நீரின் சவ்வூடு அமுக்கமே ஏறத்தாழ 27 வளிமண்டல அளவு; நடைமுறையில் 55 முதல் 70 வரை கொடுக்கிறார்கள். லீற்றருக்கு 70, 80 கிராம் உப்பை எட்டியதும் வழக்கமான ஆர்.ஓ.வின் ஆற்றல் தீர்ந்துவிடும். அதற்கு மேல் செறிவாக்க நீரைக் கொதிக்கவைப்பதே வழி.

கொதிக்கவைப்பதன் செலவு அச்சமூட்டுவது. ஆயிரம் லீற்றர் நீரை ஆவியாக்க 600 கிலோவாற்று மணிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும், கடல்நீரை ஆர்.ஓ. செய்ய 3 - 4 போதும். ஒரு கலனின் ஆவியை அடுத்த கலனைச் சூடாக்கப் பயன்படுத்தும் பலகலன் ஆவியாக்கிகளும், வெளிவரும் ஆவியை அமுக்கிச் சூடேற்றி அதே கலனுக்குத் திருப்பும் இயந்திரங்களும் இந்தச் செலவைப் பல மடங்கு குறைக்கின்றன. பின்னது நன்றாக ஓடினால் 20 கிலோவாற்று மணி அளவில் வேலை முடியும். அதுவும் ஆர்.ஓ.வைவிட ஐந்தாறு மடங்கு. ஜிப்சமும் சிலிக்காவும் குழாய்களில் கல்லாகப் படியும். சூடான குளோரைட்டுக் கரைசல் சாதாரண துருவேறா உருக்கையும் வெடிக்கச் செய்யும். தைத்தேனியம் போன்ற விலையுயர்ந்த உலோகம் வேண்டும்.

திருப்பூர் கண்ட நல்ல வழி, உப்பைப் பிரித்தெடுத்து மீண்டும் அதே சாயத்தொட்டிக்குத் திருப்பியது. நனோ வடிப்புச் சவ்வு, சோடியத்தையும் குளோரைட்டையும் கடக்கவிட்டு, சல்பேற்றையும் சாயத்தையும் தடுத்து நிறுத்தும். சாயமேற்றக் கறியுப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேற்றைப் பயன்படுத்தினால் அதை மீட்பது இன்னும் இலகு. சோடியம் சல்பேற்று 32 பாகை செல்சியசில் மிக நன்றாகக் கரையும். குளிர்த்தினால் கரைதிறன் சட்டெனச் சரிந்து, பளிங்குகளாக விழுந்துவிடும். கறியுப்பின் கரைதிறனோ வெப்பநிலையோடு அதிகம் மாறாது. ஆக, கலந்த கரைசலைக் குளிர்த்தினால் சல்பேற்று மட்டும் கீழே வரும். நிறம் நீங்கிச் செறிந்த உவர்நீரை உலர்த்தாமலே அடுத்த துணிக்கு ஊற்றும் முறையும் அருள்புரம் பொது நிலையத்திலிருந்து பரவியது. வாங்கிய உப்பு வெளியே போகாமல் சுற்றிவரும்போது கழிவு குறைகிறது, உப்புக்கான செலவும் குறைகிறது.

எனினும் சுற்று முழுமையானதல்ல. கடைசியில் ஆவியாக்கியின் அடியில், சல்பேற்றும் குளோரைட்டும் கல்சியமும் சாய மிச்சமும் கலந்த பழுப்பு உப்பு விழுகிறது. அதை வாங்குவார் இல்லை. மழை படாத கூரையின் கீழ் மூடைகளில் அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. கழிவுநீரே வெளியேறாத ஆலை என்று இந்தியாவில் பெயர் பெற்ற இந்த முறையைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், திரவக் கழிவு நின்றது. திண்மக் கழிவு குவிகிறது. கொதிகலன்களின் புகை வானுக்குப் போகிறது. அப்படியிருந்தும் அது நொய்யலில் விடுவதைவிடப் பன்மடங்கு மேல். குவியலைக் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம், காவல் காக்கலாம். நிலத்தடியில் இறங்கிய உப்பை ஒன்றும் செய்ய முடியாது.

தோலும் உப்பளமும்

வேலூர்ப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கதை இன்னும் பழையது. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பிடுவார்கள். ஆலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. தோல் ஆலைக் கழிவின் உப்பில் பெரும்பங்கு இந்த முதல் ஊறல் நீரிலிருந்தே வருகிறது. பின்னால் வரும் குரோமியமும் சுண்ணாம்பும் சல்பைட்டும் அதோடு கலந்துவிட்டால் எதையும் பிரிக்க முடியாது. 1996 ஆகஸ்ட் 28இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வைப் பதிவுசெய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்தியது.

தொழில்நுட்பப் பக்கத்தில் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் காட்டிய வழி எளிமையானது, அதனாலேயே மதிக்கத்தக்கது. ஊற வைக்குமுன் தோலை உதறியும் சுழல் உருளையில் போட்டும் உலர்ந்த உப்பை உதிர்த்துவிடு. ஊறல் நீரைத் தனி வாய்க்காலில் எடுத்து வெயிலில் காயவிடு. குரோமிய நீரைத் தனியே எடுத்து மகனீசியம் ஒட்சைட்டால் படியவைத்து, அந்தக் குரோமியத்தை மீண்டும் பதனிடப் பயன்படுத்து. கலக்காமல் வைத்திருப்பதே முதல் சுத்திகரிப்பு என்பதுதான் இதன் சாரம். கலந்ததைச் சேறாக்கிக் குவித்துவைப்பதன் ஆபத்து 2015 ஜனவரி 31ஆம் திகதி இராணிப்பேட்டையில் தெரிந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் சேற்றில் மூழ்கி இறந்தனர்.

வெயிலில் உப்பைப் பிரிக்கும் கலையை வடக்கில் யாருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனையிறவில் கடல்நீர் பாத்தி பாத்தியாக நகரும்போது நடப்பது, திருப்பூரில் கோடிகள் கொட்டி உலோகக் கலன்களுக்குள் நடத்துவதன் திறந்தவெளி வடிவம். உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவியில் மூன்றரையில் நுழையும் கடல்நீர் 13ஐ எட்டும்போது ஜிப்சம் பளிங்காகத் தொடங்கும். 25இல் கறியுப்பு விழும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மகனீசிய உப்புகளும் சேர்ந்து கறியுப்பைக் கசப்பாக்கிவிடும் என்பதால் அதற்குமுன் எச்சநீரை வடித்துவிடுவார்கள். எந்த உப்பு எப்போது விழும் என்பதை அறிந்து பாத்தியை மாற்றும் அந்தத் தொழிலாளியின் அறிவே கலந்த உப்பைத் தனித்தனி உப்பாகப் பிரிக்கும் அறிவு. சோளகக் காற்றும் கோடை வெயிலும் இங்கே எரிபொருள் இல்லாமல் கிடைக்கின்றன. ஆனால் கழிவுநீர்ப் பாத்தி உப்பளப் பாத்தி போலக் களிமண் தரையோடு விடக்கூடியதல்ல. தடித்த பிளாத்திக்கு விரிப்பும், அதன் கீழே கசிவைக் காட்டும் குழாயும், மாரி மழையைத் தாங்கும் உயரமான வரம்பும் வேண்டும். சுண்ணாம்புக் கல்லின் மேல் ஒரு கிழிசல் போதும்.

தீவின் நிலத்தில், தீவின் கடலில்

சுண்ணாம்புக் கல் எவ்வளவு வேகமாக அழுக்கைக் கடத்தும் என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகம் காட்டிவிட்டது. அங்கிருந்த டீசல் மின்நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய், சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. 2019 ஏப்ரல் 4இல் இலங்கை உயர் நீதிமன்றம் மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணெயாவது நீரின் மேல் மிதந்து கண்ணுக்குத் தெரிந்தது. உப்பு தெரியாமல் கரைந்து, பாரத்தால் வில்லையின் அடிவரை இறங்கும்.

ஆகவே தீவில் ஒரு நண்டு அல்லது மீன் பதப்படுத்தும் கூடம் அமைந்தால் அதன் கழிவுநீர் வேலை வாய்க்கால் பிரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். உப்பிட்ட தொட்டி நீர் ஒரு வழி, இரத்தநீரும் தரை கழுவிய நன்னீரும் வேறு வழி. குடலும் ஓட்டுத்துண்டும் நீரில் ஊறுமுன் வலையில் தடுத்து உலர்வாக அள்ள வேண்டும். ஊறிய பிறகு அதிலுள்ள புரதம் நீருக்குள் கரைந்துவிடும். கரைந்த புரதமும் கொழுப்பும் குமிழி மிதப்பில் மேலே வரட்டும். நன்னீர்ப் பகுதியைப் பற்றீரியாத் தொட்டியில் சுத்தம் செய்து, தோட்டத்துக்கோ தரை கழுவவோ திருப்பலாம். உப்புப் பகுதியை இரண்டாம், மூன்றாம் முறை அதே வேலைக்குப் பயன்படுத்தி, தேறாத மிச்சத்தை விரிப்புப் போட்ட வெயில் பாத்தியில் காயவைக்கலாம். சின்னக் கூடத்துக்கு ஆவியாக்கி வேண்டியதில்லை. சின்னக் கூடத்தின் பலமே அதுதான்.

கடலுக்கு விடுவது எளிதாகத் தோன்றும்: உப்பு வந்த இடத்துக்கே போகிறது. சுத்தம் செய்த உவர்நீருக்கு அது பல இடங்களில் சரியான முடிவும்கூட. ஆனால் எந்தக் கடல் என்பதில் எல்லாம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 2இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரக்கூடியது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி உழவர்கள் மறுப்புத் தெரிவித்த பிறகு அதற்கு மாற்றாக எழுந்தது. அதன் முன்னால் இருப்பது வங்கக் கடலின் திறந்த கரை. அலையும் நீரோட்டமும் செறிந்த உவர்நீரை விரைவில் கலந்துவிடும். புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையே, வாணர் பாலத்தின் இருபுறமும் கிடப்பது ஆழமில்லாத பரவைக்கடல். நயினாதீவு, நெடுந்தீவு ஆர்.ஓ. ஆலைகளின் கழிவுநீரும் ஆழமற்ற பாக்கு நீரிணைக் கடலிலேயே சேர வேண்டும். கடல்நீர் ஆர்.ஓ. நீரில் 40, 45 விழுக்காட்டைக் குடிநீராக எடுத்தால், மிச்ச நீரில் உப்பு லீற்றருக்கு 60 கிராம் அளவுக்கு ஏறும். பாரமான அந்த நீர் அலையற்ற இடத்தில் அடியில் பாயாகப் படுத்து, கடற்புல்லையும் அதிலே குஞ்சு பொரிக்கும் இறாலையும் நண்டையும் மூச்சுமுட்ட வைக்கும். குழாயின் முனையைத் துளைகள் வழியே மேல்நோக்கிப் பீறிடச் செய்து, நீரோட்டமுள்ள ஆழத்தில் விட்டால் சில பத்து மீற்றருக்குள் கலந்துவிடும். சவ்வுகளில் கல் படியாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனங்களும் கழுவ விடும் அமிலமும் அதே குழாயில் போகாமல் தனியே பிரிக்கப்பட வேண்டும்.

இவை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்று அறிய ஒரு சிறிய மின்கடத்தல் மானி போதும். கடல்நீர் ஒரு சென்ரிமீற்றருக்கு 50,000 மைக்குரோசீமன்ஸ் அளவில் காட்டும். நல்ல கிணற்று நீர் சில நூறு காட்டும். கையளவே உள்ள அந்தக் கருவியைக் கிணற்றில் இறக்கி, மேலிருந்து அடிவரை ஒவ்வொரு அடிக்கும் ஓர் எண் எழுதினால் வில்லையின் தடிப்பே படமாக வந்துவிடும். உப்போடு வேலை செய்யும் எந்தக் கூடத்துக்கும் அத்திவாரம் வெட்டுமுன், சுற்றியுள்ள கிணறுகளில் ஒரு கோடையும் ஒரு மாரியும் இந்த எண்களை எழுதிவைக்க வேண்டும். பின்னால் ஒரு கிணறு சவராகினால், அது வறட்சியால் ஏறிய கடலா, கூடத்திலிருந்து இறங்கிய கழிவா என்பதை அந்தப் பழைய எண்களோடு ஒப்பிட்டே பிரித்தறிய முடியும்.